கேணியும் நாற்பது முழமும்: வளரும் நகரில் நிலத்தடி நீர் மாசு இடரை மதிப்பிடுதல்

முன்னுரை

நீர் எடுக்கும் இடத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. கிணறு, கேணி, கூவல், துரவு, ஊற்று, ஊருணி என அவை விரியும். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கும் உறைக்கிணற்றைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. கீழடி அகழாய்வில் அத்தகைய கிணறுகள் வெளிப்பட்டதை நாம் அறிவோம். நிலத்தின் அடியில் நீர் உண்டு என்பதையும், அதனைக் காத்து எடுக்க வேண்டும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆனால் நீரின் பெயர்களைக் காத்த அளவிற்கு நாம் நீரைக் காக்கவில்லை. ஓர் ஊர் நகராக வளரும்போது அதன் வீதிகளும் கடைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதன் அடியில் ஓடும் நீருக்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத அந்தக் கேட்டை முன்னரே கணித்தறிய வழி உண்டா? உண்டென்றால், அறிவியல் பயிலாதவர்களும் அதில் பங்கேற்க இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் வீட்டுக் கிணறு

கடனா நதியும் இராமநதியும் வளம் சேர்க்கும் கடையம் எமது ஊர். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் என்பதால் தமிழ் மாணவர்க்கு இது புதிய பெயரன்று. மேற்கே பொதிகை மலைத்தொடர், அடியில் கருங்கல். அக்கல்லின் மேல் படிந்த சிதைந்த பாறையிலும் மண்ணிலும்தான் எங்கள் கிணறுகளின் நீர் தங்கியிருக்கின்றது. மழைக்காலத்தில் கையெட்டும் ஆழத்தில் நீர் நிற்பதை இளமையில் கண்டிருக்கின்றோம். உம்மா அந்த நீரிலேயே சோறு பொங்கினார். வாப்பா அந்த நீரிலேயே ஒளுச் செய்தார்.

பின்னர் வீட்டைப் பெருக்கிக் கட்டியபோது புறக்கடையில் கழிப்பறை அமைத்தோம். அதன் கழிவுநீர் இறங்குவதற்கு உறிஞ்சுகுழி ஒன்றைத் தோண்டச் செய்தோம். கொத்தனார் இடம் கேட்டார், நாமே கைகாட்டினோம். கிணற்றிலிருந்து அவ்விடம் எட்டு முழத் தொலைவுகூட இராது. அப்போது அதனைக் குறித்து ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் சென்று கிணற்று நீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியபோது, அதில் குடற்கிருமிகளும் வரம்பு கடந்த நைட்ரேட்டும் இருப்பதாகத் தாள் வந்தது. நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ யாதொரு மாற்றமும் இல்லை. அந்தத் தாள் வரும் வரை அந்நீரைத்தான் வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுத்து வந்தோம். பிறர் செய்த பிழையைச் சுட்டுமுன் எமது பிழையைச் சொல்லிவிடுவதே முறை என்பதால் இதனை ஈண்டுக் குறிப்பிட்டோம்.

மாசு எவ்வாறு இறங்குகின்றது?

நிலத்தடி நீர் என்றவுடன் பூமிக்கடியில் ஒரு பெரிய ஏரி கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மணலின் இடுக்குகளிலும், சிதைந்த பாறையின் துளைகளிலும், கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் நிறைந்து, மிக மெல்ல நகரும் நீரே நிலத்தடி நீர். மேலே விழும் மழைநீர், மண்ணைக் கடந்து, நீர் நிறையாத இடைப்படுகையைக் கடந்து, நீர்மட்டத்தை அடைகின்றது. அந்தப் பயணத்தின்போது மண் ஒரு வடிகட்டியாக நின்று உதவுகின்றது. கிருமிகள் மண்துகள்களில் சிக்குகின்றன. நாள் கடக்கக் கடக்க மடிகின்றன. நிலத்தடியில் ஐம்பது நாள் பயணம் செய்த நீரில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்னும் கணக்கைக் கொண்டே ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிக் காப்பு வட்டம் வரைகின்றனர்.

உப்பும் நைட்ரேட்டும் இவ்வாறு சிக்குவன அல்ல. அவை நீரில் கரைந்து நீரோடே செல்வன. மனிதக் கழிவிலும், கால்நடைக் கழிவிலும், வயலில் இடும் உரத்திலும் உள்ள நைட்ரஜன், மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கீழிறங்குகின்றது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிறுவனத்தின் வரம்பு. வரம்பு மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். 1945ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி, கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினார். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட்டு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். 'காய்ச்சிக் குடிக்கின்றோம், கவலையில்லை' என்பார் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இது எமது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட தர அறிக்கையின்படி, நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டிலும், தமிழ்நாட்டு மாதிரிகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டிலும் நைட்ரேட்டு வரம்பைக் கடந்திருந்தது.

இடரை அளக்கும் முறை

1854இல் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இறந்தோர் வீடுகளை வரைபடத்தில் குறித்து, அவை பிராட் தெருவின் ஒரு குழாய்க் கிணற்றைச் சூழ்ந்திருப்பதைக் காட்டினார். அக்கிணற்றிற்கு மிக அருகிலேயே ஒரு வீட்டின் கழிவுக்குழி கசிந்து கொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனால் ஸ்நோ வரைபடம் வரைந்தது மக்கள் மாண்ட பின்னர். மாளும் முன்னரே வரைவதுதான் இடர் மதிப்பீடு.

இடர் என்பது மூன்று கூறுகளின் கூட்டு. நிலத்தின் மேலே என்ன கேடு இருக்கின்றது என்பது முதற்கூறு. நிலம் அதனை எவ்வளவு எளிதில் உள்ளே விடும் என்பது இரண்டாவது. அந்நீரை யார், எத்தனை பேர் அருந்துகின்றனர் என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதை அளக்க 1987இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆதரவில் வகுக்கப்பட்ட முறையே 'டிராஸ்டிக்' எனப்படுவது. ஏழு காரணிகளின் ஆங்கிலப் பெயர்களது முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது. இந்தியாவிலும் பல நகரங்களுக்கு இம்முறையை ஆய்வாளர்கள் கையாண்டுள்ளனர்.

அவ்வேழு காரணிகளும் அவற்றின் எடைகளும் வருமாறு: நீர்மட்டத்தின் ஆழம் 5, மழையால் ஊறும் நீரின் அளவு 4, நீர்தாங்கிப் படுகையின் தன்மை 3, மேல்மண் 2, நிலச்சரிவு 1, இடைப்படுகையின் தன்மை 5, நீரைக் கடத்தும் திறன் 3. ஒவ்வொரு காரணிக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, எடையால் பெருக்கி, ஏழையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை உயர உயர, நிலம் மாசை எளிதில் உள்வாங்கும் என்பது பொருள்.

எடுத்துக்காட்டாக இரு மனைகளைக் கற்பனை செய்வோம். முதல் மனை ஆற்றங்கரை மணலில் உள்ளது. நீர்மட்டம் மூன்று மீட்டர் ஆழத்தில். மேற்சொன்ன வரிசையில் அதற்கு 9, 8, 8, 9, 10, 8, 6 என மதிப்பெண் இட்டால், எடையால் பெருக்கியபின் 45, 32, 24, 18, 10, 40, 18 ஆகும், மொத்தம் 187. இரண்டாம் மனை பாறை மேட்டில் உள்ளது. களிமண் கலந்த மேல்மண். நீர்மட்டம் பதினெட்டு மீட்டர் ஆழத்தில். அதற்கு 3, 3, 4, 3, 9, 3, 1 என இட்டால் 15, 12, 12, 6, 9, 15, 3 ஆகும், மொத்தம் 72. ஒரே ஊரில், ஒரே அளவான உறிஞ்சுகுழி முதல் மனையில் பெருங்கேடாகவும் இரண்டாம் மனையில் சிறுகேடாகவும் முடியலாம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. எந்த மேட்டில் பட்டறை வைக்கலாம், எந்தப் பள்ளத்தில் குப்பை கொட்டவே கூடாது என்பதை நகரமைப்பாளர் இத்தகைய வரைபடத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலும்.

எனினும் இவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்ளுதல் தவறு. கருங்கல் நிலத்தில் ஒரே ஒரு வெடிப்பு, மேலுள்ள கழிவை நேரே ஆழத்திற்கு இட்டுச் செல்லக்கூடும். மேற்புறக் குழாயைச் சுற்றிச் சரிவர அடைக்காத ஆழ்துளைக் கிணறும் அவ்வாறே. பதினெட்டு மீட்டர் மண் செய்யும் காவலை அது ஒரு நொடியில் வீணாக்கிவிடும். மேலும், மாசை மெல்ல உள்ளே விடும் நிலம், உட்புகுந்த மாசை மெல்லத்தான் வெளியேற்றும். ஆதலின் 72 என்னும் எண் அலட்சியத்திற்கு உரிமம் ஆகாது.

கணிக்காமல் விட்டதன் விலை

கணிக்காமல் விட்ட ஊர்களின் கதை தமிழகத்தில் நெடிது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய பாலாற்றுப் பகுதியிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் தொழில் தழைத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் தேவைப்படுவதாகவும், 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதாகவும் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் வெற்று நிலத்திலும் விடப்பட்டது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தன என்னும் கணக்கெடுப்பும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்னும் மதிப்பீடும் அவ்வழக்கின் தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கேடு நேருமுன் காத்தல் வேண்டும் என்பதும், கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆயினும் கெட்ட கிணறுகள் தீர்ப்பால் இனித்துவிடவில்லை. ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழிந்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்களுக்கு ஒன்றைப் பணிவுடன் சொல்ல வேண்டியுள்ளது. தோல் தொழில் நம்மவருள் பலருக்குச் சோறிட்ட தொழில். அதன் வருவாயால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன; அவற்றில் ஏழை மாணவர் பல்லாயிரவர் பயின்று உயர்ந்தனர். அந்நன்றியை மறத்தல் இயலாது. ஆனால் அதே தொழிலின் கழிவால் கிணறு கெட்டு, குடத்தோடு நெடுந்தொலைவு நடந்த பெண்களிலும் நம்மவர் இருந்தனர். பிற சமயத்து உழவர் பெருமக்களும் இருந்தனர். பெற்ற நன்மையைக் கணக்கில் எழுதும் நாம், பிறர்க்கு விளைந்த தீமையையும் அதே ஏட்டில் எழுதுதல்தானே நேர்மை?

திருப்பூரின் பட்டறிவு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. 2001இல் ஏறத்தாழ ஐந்தரை லட்சமாக இருந்த அந்நகர்ப்பகுதியின் மக்கள்தொகை, 2011இல் ஒன்பதரை லட்சத்தைக் கடந்தது. பின்னலாடைத் தொழில் நகரை வளர்த்தது; சாயப்பட்டறைக் கழிவு நொய்யலை நிறைத்தது. கீழ்ப்புறத்தில் பாசனத்திற்கென எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாகிச் சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தபோது சிக்கல் தீர்ந்தது எனப் பலர் எண்ணினர். நிறத்தையும் அழுகுபொருள்களையும் குறைத்த அந்நிலையங்களால் நீரில் கரைந்த உப்பை நீக்க இயலவில்லை. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறையை ஏற்ற பின்னரே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன. கிணறும் கெட்டது, தொழிலாளர் வேலையும் நின்றது. முன்னரே கணித்திருப்பின் இரண்டையும் காத்திருக்கலாம்.

எட்டு முழமும் நாற்பது முழமும்

எமது பகுதிக்குத் திரும்புவோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தலைநகர் என்னும் தகுதி வந்தபின் அலுவலகங்களும் மனைப்பிரிவுகளும் பெருகுகின்றன. சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோரின் கழிவும் இந்த மண்ணில்தான் இறங்குகின்றது. இங்கே பெருந்தொழிற்சாலைகள் வாழ்வை நடத்தவில்லை. அதனால் மாசும் இல்லை என எண்ணிவிடுகின்றோம். ஆனால் நெருங்கிக் கட்டிய நூறு வீடுகளின் நூறு உறிஞ்சுகுழிகள் சேர்ந்தால் அதுவும் ஒரு தொழிற்சாலையின் கழிவே. அது ஒரே வாயில் வழியாக வெளிவராததால் நம் கண்ணில் படவில்லை.

கழிவுநீர் உறிஞ்சும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவன விதி. கிணறு தோண்டியவருக்கு அதனைச் சுற்றி நாற்பது முழ எல்லை உரியது என இஸ்லாமிய மரபில் ஒரு நபிமொழி வழங்குகின்றது. அவ்வெல்லையை 'ஹரீம்' என்பர். முழத்திற்கு 45 சென்டிமீட்டர் எனக் கொண்டால் நாற்பது முழம் சரியாக 18 மீட்டர் ஆகும். இவ்வொற்றுமையைக் கொண்டு பெருமை பேசுதல் எம் நோக்கமன்று. ஹரீம் என்பது கால்நடைகள் நீருண்டு இளைப்பாறுவதற்கும், அடுத்தவர் அருகே தோண்டி ஊற்றைப் பறிக்காமைக்கும் வகுத்த எல்லை. தொலைவு குறித்துச் சட்ட அறிஞர்களிடையே வேறுபாடும் உண்டு. ஆனால் கிணறு என்பது ஒரு குழி மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த நிலமும் கிணற்றின் பகுதியே என்னும் கருத்து அதனுள் இருக்கின்றது. அக்கருத்தை அறிந்திருந்தும் நாம் எட்டு முழத்தில் குழி தோண்டினோம்.

மனைகள் சிறுத்துவிட்ட இந்நாளில் ஒரே மனைக்குள் நாற்பது முழம் விடுவது அரிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனாலேயே இது தனிவீட்டின் சிக்கலாக இல்லாமல் தெருவின் சிக்கலாகின்றது. அடுத்த வீட்டின் குழி எங்கே இருக்கின்றது என அறியாமல் நம் கிணற்றைக் காத்தல் இயலாது.

மாணவர் செய்யத்தக்கது

கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் தெருவின் படத்தை ஒரு தாளில் வரையலாம். கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் வட்டமாகவும், கழிவுக்குழிகளையும் குப்பைமேடுகளையும் சதுரமாகவும் குறிக்கலாம். நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளக்கலாம். வட்டத்திற்கும் சதுரத்திற்கும் இடைப்பட்ட தொலைவை நடந்து அளக்கலாம். எந்தக் கிணற்று நீரை யார் அருந்துகின்றனர் எனக் கேட்டு எழுதலாம். முன்னர்ச் சொன்ன மூன்று கூறுகளும் அத்தாளில் அடங்கிவிடும். தொலைவு மிகக் குறைந்த கிணறுகளின் நீரை, மழைக்கு முன்னும் பின்னும் அரசின் நீர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் செய்யலாம்.

மற்றொன்று: தூர்ந்த கிணறுகளில் குப்பையும் கழிவுநீரும் விடும் வழக்கம் உடனே நிற்றல் வேண்டும். மண் என்னும் வடிகட்டி இன்றி, நீர்மட்டத்திற்கே கழிவை ஊட்டும் செயல் அது. 2003இல் தமிழக அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பிலும், கூரைநீரை மட்டுமே உள்ளே விட வேண்டும். சாக்கடை கலக்கும் தெருநீரை விட்டால் நன்மையே தீமையாகும்.

நிறைவுரை

எமது வீட்டு உறிஞ்சுகுழியை மூடிவிட்டோம். கழிவுத்தொட்டியைக் கசியாதபடி கட்டி, வண்டி வைத்து அகற்றச் செய்கின்றோம். செலவு கூடியது உண்மை. கிணற்றில் குடற்கிருமிகள் குறைந்தன. நைட்ரேட்டு இன்னும் வரம்பிற்குக் கீழே வரவில்லை. அண்டை வீடுகளின் குழிகள் இருக்கின்றன. முன்னர் இறங்கியதும் பாறையிடுக்கில் இருக்கின்றது. அந்நீரைத் தோட்டத்திற்கு மட்டும் இறைக்கின்றோம். உம்மா மட்டும் அவ்வப்போது கிணற்றடியில் நின்று, "இந்தத் தண்ணியத்தானே நீங்க எல்லாரும் குடிச்சு வளந்தீங்க" என்கின்றார். எம்மிடம் மறுமொழி இல்லை.

ஒரு தலைமுறை எட்டு முழத்தில் செய்த பிழையை அடுத்த தலைமுறை நாற்பது முழம் நடந்து அளக்கட்டும். அளந்தவர் அடுத்த வீட்டின் கதவையும் தட்டட்டும். ஊரார் உண்ணும் நீருக்கு ஊருணி எனப் பெயரிட்ட மொழியைப் பயிலும் மாணவர்க்கு இப்பணி புறம்பானதன்று.